யார் முதலில் இறங்கியது?

வெண்டல் கிரான்ஸ் முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தி ஓய்வு பெற்றவர். தாளில் வரைந்த உலகத்தில் அவருக்குத் தெரியாத மூலை கிடையாது. மங்கோலியாவின் தலைநகரம் எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்வார். ஆனால் பாராசூட்டில் தொங்கிக்கொண்டு கீழே குனிந்து பார்க்கும்போது மேற்கு எந்தப் பக்கம் என்று அவருக்குத் தெரியாது. கிழக்கும் தெரியாது. பூமியைத் தாளிலிருந்து எடுத்து நிஜமாகக் கீழே விரித்துவிட்டால் மனிதர் திருதிருவென்று விழிப்பார்.

இந்தக் குறை ஓய்வு பெற்ற பிறகுதான் தெரியவந்தது. அதற்கு முன் அவர் விமானத்திலிருந்து குதித்ததில்லை.

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில், எந்தப் பக்கம் திரும்பினாலும் மக்காச்சோளமும் சோயாவுமாக இருக்கும் ஒரு சமவெளியில், லோர்னா ஸ்டர்டெவன்ட் பாராசூட் மைதானம் நடத்துகிறாள். ஒரு விமானம், ஒரு கொட்டகை, ஒரு பெரிய புல்வெளி. மைதானத்தின் ஒரு கோடியில் கொட்டகை, மறுகோடியில் ஹார்லன் என்ற விவசாயியின் தானியக் கோபுரம். இறங்குகிறவர்களுக்கு உலகத்தில் இரண்டே திசைதான்: கொட்டகைப் பக்கம், கோபுரப் பக்கம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்கு வெண்டல் பட்ட பாட்டை ஒரு பூகோள வாத்தியார் படக்கூடாது.

காற்றை எதிர்த்து இறங்க வேண்டும். அப்போதுதான் வேகம் தணியும், நடந்து வந்த மாதிரி கால் பதிக்கலாம். காற்று முதுகில் தள்ளும்படி இறங்கினால் ஓட வேண்டும், ஓட முடியாவிட்டால் விழ வேண்டும். காற்று பலமாக வீசும் நாளில் யாருக்கும் குழப்பமில்லை. கோடையில் இந்த ஊர்க் காற்று அப்படி வீசாது. கொஞ்சம் இப்படிப் போகும், கொஞ்சம் அப்படிப் போகும், நடுவில் படுத்துத் தூங்கும். அதற்காகவே ஒரு சட்டம் உண்டு. முதலில் இறங்குபவர் எந்தப் பக்கம் பார்த்து இறங்குகிறாரோ, மற்ற எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்தே இறங்க வேண்டும். அவர் தப்பாக இறங்கினாலும் சரி. எல்லாரும் சேர்ந்து தப்பாகப் போனால் முழங்கால் சிராய்க்கும், அவ்வளவுதான். ஒருத்தர் மட்டும் எதிர்ப்பக்கம் வந்தால் இரண்டு பேர் ஆஸ்பத்திரிக்குப் போவார்கள்.

வெண்டல் அந்தக் கோடையில் இரண்டு தடவை எதிர்ப்பக்கம் வந்தார். இரண்டாவது தடவை பல் டாக்டர் பெவ் எதிரே வந்துகொண்டிருந்தாள். அவள் காலணி இவர் தலைக்கவசத்தை உரசிக்கொண்டு போனது.

"இன்னொரு தடவை நீ எல்லாருக்கும் எதிரா வந்தே, தப்பான பக்கமா வந்தே, அத்தோட சரி வெண்டல்," என்றாள் லோர்னா. "இந்த மைதானத்துல உனக்கு விமானம் கிடையாது. பெஞ்சுல உக்காந்து எலுமிச்சை ஜூஸ் குடிச்சிட்டு வேடிக்கை பாரு. அதுக்கு நான் தடை போட மாட்டேன்."

லோர்னா கோபமாகச் சொல்லியிருந்தால் சமாளித்திருப்பார். அவள் வருத்தமாகச் சொன்னாள். அன்று முழுக்க வெண்டலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சனிக்கிழமை என்ற ஒன்று இல்லாவிட்டால் அவருக்கு வாரமே இல்லை. மீதி நாட்களில் புல் வெட்டுவார், புல் வளரக் காத்திருப்பார். மேலே, கதவு திறந்து, பத்துப் பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் போல விழும்போதுதான் அவர் தன்னை ஒரு கூட்டத்தில் சேர்ந்தவராக உணர்ந்தார். வகுப்பறையில்கூட அந்த உணர்வு வந்ததில்லை. அங்கே கூட்டம் எதிரே உட்கார்ந்திருக்கும்.

ஆகவே ஒரு வழி கண்டுபிடித்தார். அவருடைய பாராசூட் பெரியது, மெதுவாக இறங்குவது. முதலில் இறங்குகிற ஆபத்தே வராது. மேலே சும்மா சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, கீழே யார் முதலில் இறங்குகிறார்கள் என்று பார்த்து, அதே பக்கம் போய்விடுவது. காற்றைப் பார்க்க வேண்டாம், மேற்கைத் தேட வேண்டாம். பெரும்பாலும் முதலில் இறங்குகிறவன் கோல்பி. அவருடைய பழைய மாணவன். அவனுடைய பாராசூட் சின்னது, வேகமானது, கண்ணைப் பறிக்கிற மஞ்சள். அந்த மஞ்சளை வைத்தே வெண்டல் ஒன்றரை மாதம் ஒழுங்காக இறங்கினார். லோர்னாகூட, "பரவால்லயே, தேறிட்டே," என்றாள்.

அந்தச் சனிக்கிழமை காலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. புல் ஈரம். காற்று போகும் பக்கம் வாலை நீட்டிக் காட்டும் காற்றுப்பை, கம்பத்தில் அரைத்தூக்கத்தில் இருந்தது. பதினோரு பேர் ஏறினார்கள், குதித்தார்கள், கை கோத்தார்கள், பிரிந்தார்கள். வெண்டலின் பாராசூட் அன்று மற்றவர்களுடையதைவிடத் தாழ்வாக, ஆனால் நல்லபடியாக விரிந்தது. அவர் வழக்கம்போல முதல் வேலையாகக் கொட்டகையைத் தேடினார். இரண்டு மூன்று தகரக் கூரைகள் தெரிந்தன. எல்லாமே கொட்டகை போலத்தான் இருந்தன. கடைசியில் ஒன்றை நம்பி, அதன் மேலே வந்து கீழே பார்த்தார்.

மஞ்சள் கிட்டத்தட்டத் தரைக்குப் போய்விட்டது. கொட்டகைப் பக்கமிருந்து வந்து, கோபுரப் பக்கமாக நகர்ந்து, புல்லின் கோடியில் மெல்லப் படுத்தது. அவ்வளவுதான் வேண்டியது. கோல்பி கோபுரத்தைப் பார்த்து இறங்கிவிட்டான். வெண்டல் நிம்மதியாகக் கயிற்றை இழுத்து, கோபுரத்தைப் பார்த்துத் திரும்பினார்.

இறங்கும்போது தரை வழக்கத்தைவிட வேகமாக ஓடியது. வெண்டல் ஓடினார். அறுபத்து மூன்று வயதுக் கால்கள் ஓடுகிற ஓட்டமா அது? நாலடி ஓடி, ஐந்தாவது அடியில் வழுக்கி, வயிற்றில் சறுக்கிக்கொண்டே போய் நின்றார். வாயில் புல். திரும்பிப் பார்த்தால் பெவ் அதே மாதிரி வழுக்கிக்கொண்டு வருகிறாள். அவளுக்குப் பின்னால் ரோலண்ட் உட்கார்ந்தபடியே வருகிறார். அதற்குப் பின்னால் மற்றவர்கள், ஒருவர் விடாமல், கோபுரத்தைப் பார்த்து, ஓடி, தடுக்கி, குட்டிக்கரணம் போட்டு. கடைசியாக லோர்னா. இருபத்தைந்து வருடமாக நின்றே இறங்குகிற லோர்னா, இரண்டு கையையும் முன்னே நீட்டிக்கொண்டு தொபுக்கென்று விழுந்தாள்.

எழுந்தாள். முழங்காலில் சேறு, முகத்தில் சேறு. காற்றுப்பையைப் பார்த்தாள். அது கோபுரப் பக்கம் வாலை நீட்டியிருந்தது. அதாவது எல்லாரும் கொட்டகையைப் பார்த்து இறங்கியிருக்க வேண்டும்.

"யார் முதல்ல இறங்குனது?" என்றாள்.

யாரும் வாயைத் திறக்கவில்லை. அதற்கு வேறு காரணமும் இருந்தது. இந்த மைதானத்தில் 'முதல்' என்ற சொல்லை யாரும் தன்னைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். எதை முதல் தடவை செய்தாலும் செய்தவர் எல்லாருக்கும் ஒரு பெட்டி பீர் வாங்கித் தர வேண்டும். முதல் தடவை தலைகீழாகப் பறந்தாலும் பீர், முதல் தடவை வேலியில் மாட்டினாலும் பீர். இப்படிப் பழகிய கூட்டத்திடம் போய் யார் முதல் என்று கேட்டால் எப்படிப் பதில் வரும்?

"சரி, கடைசிலேர்ந்து வர்றேன்," என்றாள் லோர்னா. "நான் ரோலண்டைப் பாத்து வந்தேன். ரோலண்ட், நீ?"

"நான் பெவ் பின்னாடி வந்தேன்," என்றார் ரோலண்ட். அவர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்து விசாரிக்கிறவர். எதைச் சொன்னாலும் சாட்சி சொல்கிற குரலில்தான் சொல்வார்.

"காத்துப்பையைப் பாக்கலியா?"

"பாத்தேன். அது வேற பக்கம் சொல்லுச்சு. பெவ் இந்தப் பக்கம் சொன்னா. பெவ்வோட மோதறதவிட காத்தோட மோதறது மேல்னு தோணுச்சு."

"நானும் அதான் நெனச்சேன்," என்றாள் லோர்னா, எரிச்சலோடு. "பெவ், நீ யாரைப் பாத்தே?"

பெவ் பல்லில் ஒட்டிய புல்லை எடுத்துக்கொண்டே, "வெண்டலை," என்றாள்.

ஒன்பது முகமும் வெண்டல் பக்கம் திரும்பின.  இல்லை, தான் முதல் இல்லை. தனக்கு முன்னால் ஆள் இருக்கிறது. அதை நினைத்ததும் தைரியம் வந்தது.

"நான் கோல்பியப் பாத்துத்தான் வந்தேன். அதோ, அவன் மஞ்சள் கெடக்கு பாருங்க. அவன்தான் மொதல்ல இறங்குனான்."

மஞ்சள் அங்கேதான் கிடந்தது. கோல்பியைக் காணோம்.

"துணியப் போட்டுட்டு எங்க போனான் இவன்?" என்றாள் பெவ். "இவங்கம்மா வந்து மடிப்பாங்களா?"

"பீர் கேப்போம்னு பயந்து ஒளிஞ்சிருப்பான்," என்றார் ரோலண்ட்.

எல்லாரும் கோபத்தோடு மஞ்சளை நோக்கி நடந்தார்கள். இந்தத் தடவை குற்றவாளி தான் இல்லை என்ற சந்தோஷத்தில் வெண்டல் முன்னாலேயே போனார். போய்த் துணியைத் தூக்கினார். கீழே கயிறுகள் இருந்தன. கயிறுகளின் நுனியில் ஆள் மாட்டிக்கொள்ளும் பட்டை இருக்க வேண்டும். பட்டை இல்லை. ஆளும் இல்லை. வெறும் கயிறு.

கொஞ்ச நேரம் யாருக்கும் தலைகால் புரியவில்லை. வெண்டல் துணியின் இன்னொரு ஓரத்தையும் தூக்கிப் பார்த்தார், அங்கே இருப்பான் என்பது போல.

லோர்னாவுக்கு முதலில் புரிந்தது. "கழட்டி விட்டிருக்கான்," என்றாள்.  "மேல மாட்டிக்கிச்சு, கழட்டிட்டு முதுகுல இருக்கற ரிசர்வ் பாராசூட்டைத் திறந்திருக்கான். இது காலியா வந்து விழுந்திருக்கு."

"ரிசர்வ் திறந்ததா?" என்றாள் பெவ்.

யாருக்குத் தெரியும்? பத்துப் பேரும் கீழே யார் முதலில் இறங்குகிறார்கள் என்றே பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே என்ன ஆயிற்று என்று ஒருவரும் பார்க்கவில்லை. வெண்டல் அந்த மஞ்சள் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றார். ஒன்பதாம் வகுப்பில் கடைசி பெஞ்சில் சுவிங்கம் மென்றுகொண்டிருந்த பையனின் முகம் கண்ணில் வந்து நின்றது.  லோர்னா கொட்டகைப் பக்கம் ஓடத் தொடங்கிவிட்டாள், வண்டி எடுக்க.

அவள் பாதி தூரம் போகும்போது ஹார்லனின் பழைய பிக்கப் வண்டி சோயா வயலின் ஓரமாகக் குலுங்கி வந்தது. பின்னால் திறந்த பலகையில் கோல்பி உட்கார்ந்திருந்தான். மடியில் வெள்ளை ரிசர்வ் பாராசூட் மலை மாதிரி. கையில் ஹார்லன் வீட்டு இறைச்சி சாண்ட்விச். பாதி தின்றிருந்தான்.

வண்டி நிற்பதற்குள் குதித்தான். "செம காத்து சார் அங்க. சும்மா பூ மாதிரி நின்னேன்." அப்புறம் கவலையாகச் சுற்றிலும் பார்த்தான். "என் மஞ்சளப் பாத்தீங்களா யாராச்சும்? எங்க விழுந்துச்சுன்னே தெரியல."

 உடம்பெல்லாம் சேறாக ஒன்பது பேர் அவனைப் பார்த்தபடி நின்றார்கள்.

"பத்திரமா இறங்கிடுச்சு," என்றார் வெண்டல்.

லோர்னா திரும்பி வந்து கோல்பியைக் கட்டிக்கொண்டாள். பிறகு தலையில் ஒரு தட்டு தட்டினாள். பிறகு எல்லாரையும் பெஞ்சில் உட்காரச் சொன்னாள். பயம் தெளிந்ததும் அவளுக்குப் பழைய கேள்வி ஞாபகம் வந்துவிட்டது.

"அப்ப நாம பத்துப் பேரும் ஒரு காலித் துணி பின்னாடி வந்திருக்கோம்."

"சட்டப்படி தப்பில்ல," என்றார் ரோலண்ட். "முதல்ல இறங்கறது காட்டற பக்கம்னுதான் சட்டம். அதுல ஆள் தொங்கணும்னு எங்கயும் இல்ல."

"அப்ப துணி பீர் வாங்கித் தருமா?" என்றாள் பெவ்.

"துணிக்குச் சொந்தக்காரன் தருவான். முதல் தடவை கழட்டி விட்டதுக்கு ஒரு பெட்டி. முதல்ல இறங்குனதுக்கு ஒண்ணு."

"நான் சோயாவுலல்ல இறங்குனேன்," என்றான் கோல்பி. "அதும் சரியான பக்கம் பாத்து. இங்க வரவே இல்லியே நான்."

"உன் துணி வந்துச்சே."

"அது என் பேச்சைக் கேட்டா நான் ஏன்யா கழட்டி விடறேன்?"

இப்படியே போயிருந்தால் வெண்டல் தப்பித்திருப்பார். ரோலண்டும் பெவ்வும் கோல்பி வயலில் இறங்கியது முந்தியா, துணி மைதானத்தில் இறங்கியது முந்தியா என்று வாதாடக் கிளம்பிவிட்டார்கள். லோர்னா மட்டும் அதில் சேரவில்லை. கையால் சேற்றைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்:

"காலித் துணி காத்தோடதான் போகும். அதுக்கு வேற வழி தெரியாது. மனுஷன்தான் காத்தை எதிர்த்துத் திரும்பணும். அத யோசிக்க வேண்டியவன், முதல்ல இறங்குன மனுஷன். அது நீதான் வெண்டல்."

வெண்டல் தலையாட்டினார்.  தலைக்கவசத்தைக் கழற்றி மடியில் வைத்தார்.

"எனக்குப் பக்கமே தெரியறதில்ல லோர்னா," என்றார். "எப்பவுமே தெரிஞ்சதில்ல. மேல போனதும் எல்லாம் சுத்திடும். இவ்ளோ நாளா கோல்பியப் பாத்துத்தான் இறங்கினேன். இன்னிக்கு அவனும் இல்ல. அவன் இல்லங்கறதுகூட எனக்குத் தெரியல."

 கோல்பி சாண்ட்விச்சை மெல்வதை நிறுத்தினான்.

"சார்," என்றான். "உங்களுக்கே பக்கம் தெரியாதா?"

"தெரியாது."

"அப்ப எனக்கு எதுக்கு சார் பூகோளத்துல சி கிரேடு குடுத்தீங்க?"

பெவ் முதலில் சிரித்தாள். பிறகு எல்லாரும். வெண்டலுக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் கண்ணில் நீரும் வந்துவிட்டதால் குனிந்து காலணிக் கயிற்றைச் சரி செய்தார். லோர்னா சிரிக்கவில்லை. அவள் இறங்கிய புல்வெளியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பத்துப் பேர் சறுக்கிய பத்துத் தடம், ஒரே பக்கமாக, ஈரத்தில் பளிச்சென்று தெரிந்தது.

"ஒருத்தர் மேல ஒருத்தர் மோதல," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது போல. "இந்த வருஷத்துலயே இத்தனை பேர் இவ்ளோ ஒழுங்கா ஒரே பக்கம் வந்தது இன்னிக்குத்தான்." பிறகு வெண்டலிடம் திரும்பினாள். "ரெண்டு தடவை நீ ஏன் தப்பு பண்ணே தெரியுமா? உனக்கு முன்னாடி மத்தவங்க இறங்கியிருந்தாங்க. அவங்களுக்கு எதிரா வந்தே. உனக்கு முன்னாடி யாருமே இல்லேன்னா நீ யாருக்கு எதிரா வருவே?"

வெண்டலுக்குப் புரியவில்லை. முகத்தைப் பார்த்தால் அவளுக்கும் முழுக்கப் புரிந்ததாகத் தெரியவில்லை.

"காத்து இப்பிடித் தூங்கற நாள்ல," என்றாள், "விமானம் பாதி உயரத்துல ஒரு சுத்து வரும். நீ தனியாக் குதிச்சு உடனே திறந்துடு. நாங்க மேல போய் குதிக்கறதுக்குள்ள நீ கீழ வந்துடுவே. நீ எந்தப் பக்கம் இறங்கறியோ, நாங்க எல்லாரும் அந்தப் பக்கம்."

"நான் தப்பாப் போயிட்டா?"

"போக முடியாது. நீ போற பக்கம்தான் பக்கம்."

"இது தண்டனையா லோர்னா?"

"தெரியல. யோசிச்சிட்டு சொல்றேன்."

வெண்டல் யோசித்துப் பார்த்தார். பாதி உயரம் என்றால் விழுகிற நேரம் போய்விடும். கை கோக்கிறது போய்விடும். அவர் எதற்காக வாரம் முழுக்கக் காத்திருந்தாரோ அதுவே இருக்காது. ஒரு காலிப் பாராசூட் செய்த வேலையைத் தான் செய்ய வேண்டும். அவமானமாக இருந்தது. பெஞ்சும் எலுமிச்சை ஜூஸும் ஞாபகம் வந்தன. "சரி," என்றார்.

மாலை நாலு மணிக்கு விமானம் பாதி உயரத்தில் ஒரு சுற்று வந்தது. கதவருகே அவர் போகும்போது எல்லாரும் வழக்கம்போலக் கைமுஷ்டியை இடித்துக்கொண்டார்கள். கோல்பி இரவல் பாராசூட் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். "சார், காத்துப்பையோட வால் எங்க நீட்டுதோ அதுக்கு எதிர்ப்பக்கம். அவ்ளோதான் சார்," என்று சொல்லிக்கொடுத்தான். வெண்டல் அதையே முணுமுணுத்துக்கொண்டு குதித்தார். தனியாக.

பாராசூட் விரிந்தது. ரொம்ப அமைதி. கீழே புல்வெளியில் ஒரு ஆள் இல்லை, ஒரு துணி இல்லை. பார்த்துப் பின்னால் போக எதுவுமில்லை. கொட்டகையைக் கண்டுபிடித்தார். காற்றுப்பையையும் கண்டுபிடித்தார். அதன் வால் கொட்டகைப் பக்கம் நீட்டியிருந்தது. ஆகவே கொட்டகைக்கு எதிர்ப்பக்கம், கோபுரம். திரும்பினார். மறுபடி பார்த்தார். வால் சரிந்து தொங்கியது. பிறகு மெல்லக் கோபுரப் பக்கம் கிளம்பியது. அல்லது அவர்தான் சுற்றிவிட்டாரோ? அதற்குள் தரை வந்துவிட்டது. கோபுரத்தைப் பார்த்து இறங்கினார். ஓடினார். விழுந்தார்.

எழுந்து உட்கார்ந்ததும் காற்று அவர் முதுகில் பட்டது. முதுகில்தான், சந்தேகமே இல்லை. தப்பான பக்கம்.

மேலே பத்துப் பாராசூட்டும் விரிந்துவிட்டன. வெண்டல் பதறி எழுந்தார். இரண்டு கையையும் தலைக்கு மேலே ஆட்டினார். வேண்டாம், இந்தப் பக்கம் வேண்டாம், திரும்புங்கள் என்று கத்தினார். அங்கே யாருக்குக் கேட்கும்? கீழே ஒரு மனிதர் கையை ஆட்டிக் கூப்பிடுகிறார் என்றே அவர்களுக்குத் தெரிந்தது. லோர்னாவின் நீலம் முதலில் திரும்பியது, கோபுரத்தைப் பார்த்து. அதன் பின்னால் பெவ், ரோலண்ட், கோல்பி, ஒவ்வொன்றாக மற்ற எல்லாம். அத்தனை பேர் கண்ணிலும் காற்றுப்பை பட்டிருக்கும். ஒருவர்கூட அதன் பேச்சைக் கேட்கவில்லை.

வெண்டல் கையைத் தாழ்த்தினார்.

லோர்னா அவர் காலடியில் வந்து சறுக்கி நின்றாள். காலையில் காய்ந்த சேற்றின் மேல் புதுச் சேறு. பின்னால் ஒவ்வொருவராக விழுந்து, எழுந்து, வசவை ஆரம்பித்தார்கள்.

"தப்பான பக்கம் லோர்னா," என்றார் வெண்டல்.  "நான் மறுபடியும் தப்பாப் போயிட்டேன்."

லோர்னா உட்கார்ந்தபடியே மற்றவர்களை எண்ணினாள். ஒன்பது பேரும் இருந்தார்கள். ஒருத்தர் தலையிலும் யார் காலும் படவில்லை. வெண்டலிடம் கையை நீட்டினாள், தூக்கிவிடச் சொல்லி.

"எல்லாரும் இந்தப் பக்கம்தானே வந்தோம்," என்றாள். "அப்புறம் எப்பிடி அது தப்பான பக்கம்?"